அக்காவும் ஆறு புறாக்களும்

ஃபிஜியில் முதல் தடவை பட்டாளத்தார் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த அந்த வருஷம் உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். நம் பக்கத்தில் தெருவுக்கு ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டிய வீட்டு வாசலில் ஒரு நாய் படுத்துக் கிடந்தது. சிட்னி, ஆக்லாந்து, வான்கூவர் என்று போனவர்கள் துணிமணியை எடுத்துப் போனார்கள், சாமி படத்தை எடுத்துப் போனார்கள். அம்மிக் குழவியைத் துண்டில் சுற்றி எடுத்துப் போன ஒரு அம்மாவைப் பற்றிக்கூடக் கேள்விப்பட்டோம். உயிருள்ளதை மட்டும் எடுத்துப் போக முடியவில்லை.

எங்கள் சித்தப்பா விட்டுப் போனது ஆறு புறா.

சித்தப்பா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் பிரிவில் வேலை பார்த்தார். வோட்டுவாலேவில் வீடு. ராணுவம் வந்த இரண்டே மாதத்தில் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் புறாக்களை எடுத்துக்கொண்டு சபேட்டோவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கரும்பு போடுகிறவர். வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் கரும்பு. கோழிக்கூட்டின் ஒரு பக்கத்தைத் தடுத்துப் பலகை அடித்துக் கொடுத்தார் சித்தப்பா.

"ஒரு வாரம் அடைச்சு வெச்சுத் தீனி போடுங்க. அப்பறம் தொறந்து வுட்டுருங்க. பழகிரும்," என்றார்.

அவர் சொன்னபடியே எட்டாம் நாள் திறந்துவிட்டோம். ஆறும் ஒரு வட்டம் அடித்தன, இரண்டு வட்டம் அடித்தன, பிறகு நேராகத் தெற்கே பறந்து போய்விட்டன. நான் அழுதேன். எனக்கு அப்போது பதினோரு வயது. அக்காவுக்குப் பதினெட்டு. அவள் அழவில்லை. "எங்க போயிருக்கும்னு எனக்குத் தெரியும். வா," என்று சொல்லி, பட்டாணி போட்ட பால்மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு என்னைப் பஸ்ஸில் கூட்டிப் போனாள்.

சித்தப்பா வீட்டுத் தகரக் கூரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஆறும்.

அந்த வீட்டை அப்படி நான் பார்த்ததில்லை. ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். காலண்டர் தொங்கிய இடத்தில் சுவர் மட்டும் சதுரமாக வெளுப்பாக இருந்தது. சித்தியின் அடுப்படியிலிருந்து இன்னும் மசாலா வாசனை வந்ததுபோல இருந்தது. அக்கா படியில் உட்கார்ந்து டப்பாவை ஆட்டினாள். கலகலவென்ற அந்தச் சத்தத்துக்குப் பெரிய சாம்பல் நிற ஆண் புறா முதலில் இறங்கி வந்தது. அதற்குச் சித்தப்பா வைத்த பெயர் பைலட். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுங்களுக்கு யார் சொல்லுவாங்க, அவங்க இனிமே வரமாட்டாங்கன்னு?" என்றாள்.

திரும்பக் கொண்டுவந்து, அடுத்த தடவை ஆறு வாரம் அடைத்து வைத்தோம். அதற்குள் ஒரு ஜோடி முட்டையிட்டுவிட்டது. குஞ்சு பொரித்தபின் திறந்துவிட்டபோது பைலட் மட்டும் ஒரு முறை வோட்டுவாலேவு வரை போய்விட்டுச் சாயங்காலமே திரும்பி வந்தது.

புறாவை எப்படிப் பிடிப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தப்புத் தப்பாகப் பிடித்துத்தான் கற்றோம். முதலில் நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். அது வாயைப் பிளந்தது.

"ஏய், ரோட்டி மாவா அது? அது மூச்சு விட வாணாமா?" என்று அக்கா என் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.

தளர்த்தினால் சிறகை அடித்துக்கொண்டு முகத்தில் மோதிவிட்டுப் போகும். பல நாள் கழித்துப் பிடி கிடைத்தது. புறாவின் இரண்டு காலும் என் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே. கட்டைவிரல் சிறகு நுனிகளின் மேலே. மறு கை நெஞ்சுக்கு அடியில். அப்படிப் பிடித்தால் அதற்கு உட்கார்ந்திருப்பதுபோல இருக்குமாம். உள்ளங்கையில் அதன் நெஞ்சு சூடாகத் துடிக்கும். அந்தச் சூடு எனக்கு இன்னும் மறக்கவில்லை. சிறகைப் பிடித்துத் தூக்கக் கூடாது. தொடும் முன்னும் கை கழுவ வேண்டும், தொட்ட பின்னும் கழுவ வேண்டும். கூட்டைப் பெருக்கும்போது நனைந்த கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொள்ள வேண்டும், அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. இதெல்லாம் அக்கா போட்ட சட்டம். அவளுக்குச் சட்டம் போடப் பிடிக்கும். சுவரில் கரிக்கட்டியால் எழுதிக்கூட வைத்திருந்தாள்.

அவள் வாத்தியாராக ஆசைப்பட்டவள். லௌத்தோகாவில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்திருந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு, "பாக்கலாம்" என்றார். அந்த வருஷம் பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொன்னார்கள். கரும்பு வெட்டு எப்போது? பாக்கலாம். பள்ளிக்கூடம் எப்போது திறக்கும்? பாக்கலாம். நாமும் போகப் போகிறோமா? பாக்கலாம்.

பள்ளிக்கூடம் திறந்தபோது என் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. ஹெட்மாஸ்டர் பெயர்ப் பட்டியலை வாசிப்பார். பதில் வராத பெயர் மேல் ஒரு கோடு இழுப்பார். அவர்தான் அந்த வருஷமும் பந்தலும் கடையும் போட்டுக் கொண்டாடும் பள்ளிக்கூடத்துப் பஜாரை நடத்தியே தீருவது என்று நின்றவர். "பிள்ளைகள் எதையாவது எதிர்பார்த்துக்கொண்டு இருக்கட்டும்," என்று அப்பாவிடம் சொன்னாராம். புதிதாக ஒரு போட்டியும் வைத்தார். பிள்ளைகள் தாங்கள் வளர்க்கும் உயிர் எதுவானாலும் கொண்டுவரலாம். தாங்களே கையில் பிடித்துக் காட்ட வேண்டும். வருகிற சின்னப் பிள்ளைகள் பயமில்லாமல் தொட்டுப் பார்க்கும்படி செய்ய வேண்டும். கால்நடை அதிகாரி வந்து மார்க் போடுவார். பெரிய வகுப்பு முடித்தவர்கள் துணைக்கு நிற்கலாம்.

நானும் அக்காவும் ஒரு மாதம் அதே வேலையாக இருந்தோம். கரும்புத் தோட்டங்களில் வெட்டுக்கு முன் தீ வைத்தால் கருஞ்சாம்பல் பறந்து வந்து எல்லாவற்றின் மேலும் விழும். வெள்ளைப் புறாக்களின் முதுகில் மை தீற்றியதுபோல ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து நாங்கள் துடைத்துக்கொண்டே இருந்தோம். பக்கத்து ஃபிஜியக் கிராமத்துச் சின்னப் பிள்ளைகளை வரச் சொல்லி, கூட்டத்தில் மிரளாமல் இருக்கப் பழக்கினோம். அவர்கள் சத்தம் போட வேண்டும், பாட்டுப் பாட வேண்டும், புறா பயப்படாமல் என் கையில் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்த வேலை கிடையாது.

பஜார் ஒரு சனிக்கிழமை. அன்று காலை அம்மா தன்னுடைய ரோஜா நிறச் சேலையை எடுத்து அக்காவிடம் கொடுத்தாள்.

"புறாவுக்குத் துணி பறந்தா ஆவாதும்மா," என்று நான் சொன்னேன். எனக்கு நிஜமாகவே கோபம்.

"நீ சும்மா இரு. அவ கட்டட்டும்," என்றாள் அம்மா. அக்கா கட்டினாள். முந்தானையைச் சுருட்டி இடுப்பில் ஊசி குத்திக்கொண்டாள். எனக்காகத்தான்.

நான்கு புறாக்களை மூங்கில் கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டு, பஸ் ஏறினோம். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மழை வந்தால் இறக்கிவிடத் தார்ப்பாய்தான். நமாகாவுக்கு முன்னால் பட்டாளத்தார் பஸ்ஸை நிறுத்தினார்கள். துப்பாக்கி வைத்திருந்த ஒரு இளைஞன் ஏறி ஒவ்வொரு பையாகப் பார்த்துக்கொண்டு வந்து எங்கள் துண்டைத் தூக்கினான். பைலட் தலையை நீட்டியது. அவன் "ஓய்லேய்!" என்று கத்திக்கொண்டு பின்னால் போய் ஒரு கிழவர் மடியில் உட்கார்ந்துவிட்டான். பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்தான். அக்காவும் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பஸ் மறுபடி கிளம்பியதும், முன் சீட்டில் இருந்த அம்மாவுக்குக் கேட்காதபடி அவள் என் காதருகே குனிந்தாள்.

"இன்னிக்கி கனடாவுலருந்து ஒரு அம்மா வருவாங்க. என்னப் பத்தி உன்கிட்ட எதனா கேட்டா, அக்கா பெரிய முசுடுன்னு சொல்லு. கோவம் வந்தா தட்டெல்லாம் தூக்கிப் போடுவான்னு சொல்லு."

"ஏன்?"

"சும்மா. தமாஷுக்கு. சொல்லுவியா?"

"சொல்றேன்," என்றேன். என் மனசெல்லாம் கூடையில் இருந்தது.

பள்ளிக்கூட மைதானத்தில் தார்ப்பாய்ப் பந்தல்கள் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் எண்ணெய்ச் சட்டியில் பஜியா. இன்னொரு பக்கம் தேங்காய்ப்பாலில் வெந்த பன். மாமரத்தடியில் ஆண்கள் பெரிய மரக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து யங்கோனா வேர்க்கரைசல் குடித்துக்கொண்டு, யார் யாருக்கு விசா வந்தது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் இந்திப் பாட்டு. போன வருஷத்துக் கூட்டத்தில் பாதிகூட இல்லை. ஆனால் எங்கள் பந்தலில் இரைச்சலுக்குக் குறைச்சல் இல்லை. ஆடு, முயல், கயிறு கட்டின ஒரு வாத்து, முதல் அரைமணியிலேயே தப்பி ஓடி எல்லாரையும் மைதானம் முழுக்கச் சுற்றவைத்த ஒரு கோழி.

நான் முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாக வரச்சொன்னேன். "உக்காரு. ஓடக் கூடாது. ரெண்டு விரல். முதுகுல மட்டும். தலையில வாணாம்." தமிழில் சொன்னது புரியாதவர்களுக்கு இந்தியில், அதுவும் புரியாதவர்களுக்குச் செய்து காட்டி. ஒரு பொடியன் வாலைப் பிடித்து இழுத்தான். வெள்ளைப் புறா மிரண்டு சிறகடித்தது. நான் விட்டுவிட்டேன். அக்கா எட்டி அதைப் பிடித்தாள். அது அவள் மணிக்கட்டில் நகத்தால் கீறிவிட்டது. நீளமாக ஒரு சிவப்புக் கோடு, அதன் மேல் பொட்டுப் பொட்டாக ரத்தம். அவள் கையை உதறவில்லை. அது அடங்கும்வரை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்துவிட்டு என்னிடம் திரும்பக் கொடுத்தாள். அழுத பொடியனையும் சமாதானப்படுத்தினாள். பிறகுதான் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள்.

கால்நடை அதிகாரி ஃபிஜியர். வேட்டிபோலச் சூலு கட்டி, சட்டைப் பையில் பென்சில் வைத்திருந்தார். நம்மைப்போலவே இந்தி பேசினார். புறாவின் கண்ணைப் பார்த்தார், சிறகை விசிறிபோல விரித்துப் பார்த்தார், கால்விரல்களுக்கு நடுவே அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். அவர் அட்டையில் எழுத ஆரம்பித்தபோதுதான் அம்மா ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

கனடாக்காரம்மா. அந்த வெயிலில் காலை மூடின ஷூ போட்டிருந்தார். கையில் பெரிய பை. பா என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து பத்து வருஷத்துக்கு முன்னால் போனவராம். அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் எதிரே குனிந்தார்.

"எனக்குக் குடுப்பியா, நான் புடிக்கிறேன்?"

"மொதல்ல கை கழுவிட்டு வாங்க," என்றேன்.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். போய்க் குழாயில் கழுவிக்கொண்டு வந்தார். அவர் விரல்களுக்கு நடுவே புறாவின் காலை வைத்தேன். நல்லபடியாகவே பிடித்தார். பிடித்துக்கொண்டே, அக்காவின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே, என்னைக் கேட்டார்.

"உங்க அக்காவுக்குக் கோவம் வருமா?"

பஸ்ஸில் சொன்னது எனக்கு நினைவு வந்தது. மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். நன்றாக நினைவு வந்தது. ஆனால் அதிகாரி பென்சிலோடு பக்கத்திலேயே நின்றார். கோபக்காரர்கள் கையில் புறா நிற்காது என்பது எங்கள் சுவரில் எழுதி வைத்த சட்டம். அக்கா முசுடு என்று சொன்னால் மார்க் குறைந்துவிடும் என்று எனக்குப் பட்டது.

"இல்ல," என்றேன். "எங்க அக்காவுக்குக் கோவமே வராது. கீறினாக்கூடக் கைய உதறமாட்டா. பாருங்க, இப்பத்தான் கீறிச்சு."

அந்த அம்மா அக்காவின் கையை எடுத்து, கீறலைப் பார்த்து, "ஐயோ பாவம், கண்ணு," என்று தடவினார்.

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கூடையில் கலைந்திருந்த வைக்கோலைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

எங்களுக்கு முதல் பரிசு. நீல ரிப்பன். ஹெட்மாஸ்டர் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார். அன்று சாயங்காலம் வீட்டில் பாயசம் வைத்தார்கள். அப்பா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார், யார் யாரோ வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் என் ரிப்பனுக்காக என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா சேலையை மாற்றிவிட்டு, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, புறாக்கூட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை அந்தக் கனடாக்காரம்மாவின் மகன். வான்கூவரில் மர மில்லில் வேலை. இரண்டு வார லீவில் வந்தார், கல்யாணம் நடந்தது, போனார். நல்ல மனிதர்தான். குறை சொல்ல எதுவுமில்லை. பயிற்சிக்கான கடிதத்துக்குப் பதில் போகவில்லை. "இவ ஒருத்தி போயிட்டா, பின்னாலயே நாம எல்லாம் போயிரலாம்," என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. அக்கா முன்னால் போய் இடம் பிடித்து வைப்பாள், பஸ்ஸில் பிடித்து வைப்பாளே, அப்படி.

அக்காவுக்கு விசாப் பேப்பர் வர ஏழெட்டு மாதம் ஆனது. அவள் கிளம்பிய நாள் நாங்கள் எல்லாரும் விமான நிலையத்துக்குப் போனோம். அப்போதெல்லாம் மாடியில் ஒரு இடம் உண்டு, உங்களுக்குத் தெரியும். அங்கே நின்றால், விமானத்துக்கு நடந்து போகிறவர்களைப் பார்க்கலாம். அங்கே நின்றபடி அழாத குடும்பம் நம்மில் ஏது?

விமானம் தாமதம். ஒரு மணி நேரம் என்றார்கள், பிறகு இன்னொரு மணி நேரம். வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. அந்த வாரம்தான் எங்கள் கூட்டுக்குக் கீரி வந்து ஒரு குஞ்சைத் தூக்கிப் போயிருந்தது. இருட்டும் முன் கதவை அடைக்க வேண்டும். அக்காதான் அடைப்பாள். இன்றைக்கு வீட்டில் யாருமில்லை.

"அப்பா, கீரி வந்துரும்ப்பா," என்றேன்.

"இரு, இரு."

"இருட்டிரும்ப்பா. எல்லாத்தையும் தின்னுரும்."

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே இருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னும் எவ்ளோ நேரம் இவ இப்பிடியே நின்னு அழுவா? அவ உள்ள போயிட்டா. இனிமே என்னா பாக்கப் போறோம்? வாங்க," என்றார். நாங்கள் கிளம்பிவிட்டோம். நான்தான் முன்னால் ஓடினேன். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். எல்லாப் புறாவும் பத்திரமாக இருந்தன. எண்ணிப் பார்த்து, கதவை அடைத்துவிட்டு, எனக்குப் பெருமையாக இருந்தது. தலைக்கு மேலே விமானம் போகும் சத்தம் கேட்டது. அது அவளுடையதா என்று தெரியாது.

அப்பாவும் அம்மாவும் கனடாவுக்குப் போகவே இல்லை. பேப்பர் வந்தபோது அப்பா, "இங்கயே இருந்துக்கிறேன்," என்றுவிட்டார். வாத்தியார்கள் எல்லாம் போய்விட்டதால் என் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பை ஒன்றாகச் சேர்த்து உட்காரவைத்தார்கள். ஒரு நாள் நான் பாடம் புரியவில்லை என்று சொன்னபோது, அப்பா கரும்பு வெட்டும் கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டு, "அவளை வாத்தியாராவே வுட்டிருக்கலாம்," என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதில்லை. நான் வளர்ந்து, நர்ஸ் படித்து, சிட்னிக்கு வந்தேன். என்னை யாரும் கூட்டி வரவில்லை, நானேதான் வந்தேன். புறாக்களை எங்கள் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தேன். ரிப்பன் ஒரு புயலில் வீட்டுக் கூரையோடு போய்விட்டது.

போன குளிர்காலத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மாமியார் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அடுக்களையில் இரண்டு பேரும் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். வெளியே பனி. இத்தனை வருஷம் கேட்காததை அப்போது கேட்டேன்.

"அன்னிக்கி நான் உன்ன முசுடுன்னு சொல்லியிருந்தா, அவங்க வேணாம்னு போயிருப்பாங்களா?"

மூத்தவள், அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்தாள்.

"போயிருக்கலாம்," என்றாள். "நீ சொன்னதத்தான் அத்தை வரவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க. என் மருமவளுக்குக் கோவமே வராதுன்னு. அப்பறம் நான் எங்க போயிக் கோவப்படறது?" என்று சொல்லிச் சிரித்தாள். நல்ல சிரிப்புத்தான். என்னால்தான் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

சிறிது நேரம் உரித்தோம். பிறகு இன்னொன்றையும் கேட்டேன்.

"ஏர்போர்ட்ல, பிளேனுக்கு நடந்து போவும்போது, மேல திரும்பிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நாங்க இல்ல."

"ஆமா. ரெண்டு மூணு தரம் பாத்தேன்." அவள் தோலைக் கூட்டி ஓரமாகத் தள்ளினாள். "யார் யாரோ நின்னாங்க. அவங்களுக்குக் கை காட்டிட்டு ஏறிட்டேன்."